லண்டனில் கால்பந்து பார்க்க: எமிரேட்ஸில் ஒரு நாள், சாம்பியன் ஹில்லில் ஒரு நாள்

லண்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ உறவினரைப் பார்க்கவோ போகிறவர்களில் கால்பந்துப் பிரியர்கள் எல்லோருக்கும் இங்கிலாந்தின் உச்ச அடுக்கான பிரீமியர் லீக்கில் ஒரு மேட்சை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருக்கும். ஆனால் பெரும்பாலானோர் விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் மேட்ச் டிக்கெட்டைத் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் கையில் சிக்குவது மறுவிற்பனைக்காரர்களின் பலமடங்கு விலைதான். அதையும் நம்பிக் காசு கட்டிவிட்டு வாசலில் திரும்பி வந்தவர்கள் உண்டு.

இந்த வழிகாட்டி ஒரே வார இறுதியில் இரண்டு மேட்ச் பார்ப்பதற்கானது: சனிக்கிழமை 3 மணிக்கு சாம்பியன் ஹில் மைதானத்தில் தெற்கு லண்டனின் சின்னக் கிளப்பான டல்விச் ஹேம்லெட், ஞாயிற்றுக்கிழமை எமிரேட்ஸ் மைதானத்தில் பிரீமியர் லீக் அணியான அர்செனல். 60,000 பேர் ஒரே நொடியில் எழும்போது காலடியில் கான்கிரீட் அதிர்வதை டிவி காட்டாது. அதற்காக எமிரேட்ஸ் போக வேண்டும். ஆனால் இங்கிலாந்தில் ஒரு கிளப் எப்படி ஒரு பேட்டையின் சொத்தாகிறது என்பது சின்ன மைதானத்தின் கம்பி வேலியில் கையூன்றி நிற்கும்போதுதான் பிடிபடும். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் திரும்பினால் பாதிதான் பார்த்த மாதிரி.

தேதியைத் தேர்ந்தெடுப்பது

பிரீமியர் லீக் அட்டவணை ஜூன் நடுவாக்கில் வந்துவிடும். முதலில் வரும் பட்டியலில் வார இறுதி ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை 3 மணி என்றே இருக்கும். அதை நம்பிப் பயணத்தை உறுதி செய்யாதீர்கள். டிவி நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கிய பிறகு ஆட்டங்கள் வெள்ளி இரவு 8, சனி 12.30, சனி மாலை 5.30, ஞாயிறு 2, ஞாயிறு 4.30, திங்கள் இரவு 8 என்று சிதறிவிடும். பொதுவாக ஐந்தாறு வாரத்துக்கு முன்புதான் இந்த மாற்றம் அறிவிக்கப்படும். பெரிய அணிகளின் ஆட்டம் 3 மணியிலேயே நிற்பது குறைவு. வெள்ளி மதியத்துக்குள் லண்டனில் இறங்கி, செவ்வாய்க்குப் பிறகு கிளம்பும்படி வைத்துக்கொண்டால் இந்த மாற்றங்களில் எது வந்தாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

அடுத்த பொறி சர்வதேச இடைவேளை. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் வீரர்கள் நாட்டு அணிகளுக்குப் போய்விடுவதால் பிரீமியர் லீக் நிற்கும். இது தெரியாமல் சரியாக அந்த வாரத்தில் போய் இறங்குகிறவர்கள் அதிகம். அந்த வாரங்களிலும் கீழ் அடுக்குகளில் ஆட்டம் நடக்கும். மேல் நான்கு அடுக்குகளுக்குக் கீழே ஆடும் சின்னக் கிளப்புகளுக்காக 2010இல் தொடங்கிய 'நான்-லீக் டே' என்ற நாளைப் பெரும்பாலும் இந்த இடைவேளையில்தான் வைக்கிறார்கள், பெரிய கிளப் ரசிகர்கள் அன்று பக்கத்துச் சின்ன மைதானத்துக்கு வரட்டும் என்று.

சனிக்கிழமை 3 மணிக்குத் தனி மரியாதை உண்டு. பிரிட்டனில் சனிக்கிழமை பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை டிவியில் நேரலையாகக் காட்டுவதில்லை. 1960களில் தொடங்கிய வழக்கம். பெரிய ஆட்டம் டிவியில் ஓடினால் சின்ன மைதானத்தின் வாசலுக்கு ஆள் வராது என்பதே காரணம். சென்னையில் உட்கார்ந்து 3 மணி ஆட்டத்தைப் பார்க்கலாம், அது நடக்கும் ஊரிலேயே வீட்டில் பார்க்க முடியாது. டல்விச் மாதிரியான கிளப்பின் கல்லாப்பெட்டியை அந்த இரண்டரை மணி நேரம்தான் காக்கிறது. உங்கள் சனிக்கிழமையை அங்கே வைக்கச் சொல்வதும் அதனால்தான்.

எமிரேட்ஸ் டிக்கெட்

நேரே போய் வாங்கும் டிக்கெட் இங்கே கிடையாது. வழி இதுதான்.

1. கிளப்பின் வலைத்தளத்தில் உறுப்பினராகச் சேருங்கள். சீசன் தொடங்குவதற்கு முன்பே சேர்ந்துவிடுவது நல்லது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் கொடுங்கள். கூட வருகிற ஒவ்வொருவருக்கும் தனி உறுப்பினர் கணக்கு வேண்டும்.

2. விருப்பமான ஆட்டங்களுக்குக் குலுக்கலில் பெயர் கொடுங்கள். டோட்டன்ஹாம், செல்சி, லிவர்பூல், மான்செஸ்டர் அணிகள் வரும் ஆட்டங்களுக்குப் போட்டி கடுமையாக இருக்கும், விலையும் மேல் வகுப்பு. அதிகம் பேசப்படாத அணி வரும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வாய்ப்பு கூடும். முதல் அனுபவத்துக்கு அது போதும்.

3. குலுக்கலில் விழவில்லையா? சீசன் முழுவதுக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்கள் வர முடியாத நாளில் தங்கள் இருக்கையைக் கிளப் வழியாகவே திருப்பி விற்கிறார்கள். கடைசி வாரத்தில், முக்கியமாகக் கடைசி இரண்டு நாளில், ஒற்றை இருக்கைகள் வந்து வந்து மறையும். பக்கத்துப் பக்கத்து இருக்கைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதவர்களுக்கு இது நல்ல வழி.

4. அதுவும் இல்லையென்றால் அதே மைதானத்தில் ஆடும் அர்செனல் மகளிர் அணியின் ஆட்டத்துக்குப் போங்கள். டிக்கெட் எளிதாகக் கிடைக்கும், விலை பல மடங்கு குறைவு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நாங்கள் முதலிலேயே சொல்வது இதைத்தான்.

பணம் கட்டும் இடத்தில் இந்தியாவிலிருந்து முயல்கிறவர்களுக்கு இரண்டு சிக்கல் வரும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும், அதை வங்கிச் செயலியில் முன்பே இயக்கி வையுங்கள். ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்கு வரும். லண்டன் போனதும் அந்த சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால் நல்ல இருக்கை கண்ணெதிரே போய்விடும்.

கிளப்பின் அனுமதி இல்லாமல் கால்பந்து டிக்கெட்டை விற்பது இங்கிலாந்தில் 1994 முதல் குற்றம். வாட்ஸ்அப் குழுவிலும் மைதான வாசலிலும் 'மெம்பர் கார்டு வாடகைக்கு' என்று வருவதெல்லாம் இதில் அடங்கும். வேறொருவர் பெயரில் உள்ள டிக்கெட் பாஸைக் கிளப் கண்டுபிடித்தால் அதை முடக்கிவிடும். அது முடக்கப்பட்ட செய்தி உங்களுக்கு டர்ன்ஸ்டைலில் (நுழைவுச் சுழல்கதவில்) சிவப்பு விளக்கு எரியும்போதுதான் தெரியும். பணம் திரும்பி வராது.

எந்த இருக்கை

தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் மேல் அடுக்கின் மூலை, அல்லது மேல் அடுக்கில் பக்கவாட்டு இருக்கையை எடுங்கள். கோல்கீப்பர் தவிர்த்த பத்து வீரர்களும் எப்படி ஒன்றாக நகர்கிறார்கள், தடுப்பாட்டக்காரர்களின் பின்வரிசை எங்கே ஏறி நிற்கிறது என்பதெல்லாம் உயரத்திலிருந்துதான் தெரியும். கீழ் அடுக்கின் முதல் சில வரிசைகள் வீரர்களுக்கு வெகு அருகில் இருக்கும், அவர்களின் வேகம் மூச்சை அடைக்கும். ஆனால் மைதானம் தட்டையாகத் தெரியும், எதிர்ப்பக்கம் நடப்பது புரியாது. கூரையும் அங்கே முழுக்கக் காக்காது, காற்றோடு மழை வந்தால் நனைவீர்கள். கோலுக்குப் பின்னால் சத்தமும் பாட்டும் அதிகம். அங்கே உட்கார இருக்கை இருந்தாலும் முக்கால்வாசி நேரம் நிற்க வேண்டியிருக்கும். சிறு குழந்தைக்கும் முட்டிவலி உள்ள பெரியவருக்கும் அது ஒத்துவராது.

வாங்கும்போது 'பார்வை மறைப்பு' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எமிரேட்ஸ் மாதிரிப் புது மைதானத்தில் தூண்கள் இல்லை. பழைய மைதானங்களில் கூரையைத் தாங்கும் தூண் சரியாகக் கோலை மறைத்து நிற்கும்.

இன்னொன்று. நீங்கள் உறுப்பினராக வாங்குவது சொந்த அணி ரசிகர்களின் பகுதி. வருகை அணிக்கு ஒரு மூலையில் அதிகபட்சம் 3,000 இடம் தனியாக உண்டு, அது அந்த அணியின் ரசிகர்களுக்கே போகும். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் ஒருவர் எமிரேட்ஸின் அர்செனல் பகுதியில் உட்கார்ந்து, யுனைடெட் கோல் போட்டதும் துள்ளினால் பாதுகாவலர்கள் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவருடைய பாதுகாப்புக்காகவும்தான். வருகை அணியின் சட்டை, ஸ்கார்ஃப் எதுவும் அந்தப் பகுதியில் கூடாது.

முந்தின நாள்

டிக்கெட் என்பது போனில் இறங்கும் ஒரு பாஸ். டர்ன்ஸ்டைலில் கட்டணக் கார்டு தட்டுவது போலப் போனைத் தட்ட வேண்டும். அதனால் தட்டிப் பணம் கட்டும் வசதி உள்ள போன் வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. வீட்டு வைஃபையிலேயே பாஸைப் போனின் வாலட் செயலியில் சேர்த்துவிடுங்கள். 60,000 போன்கள் ஒரே இடத்தில் திணறும்போது நெட் வராது. பவர்பேங்க் சின்னதாக ஒன்று போதும்.

பை கொண்டுபோகாமல் இருப்பது உத்தமம். பெரிய கிளப்புகள் பெரும்பாலும் ஏ4 தாள் அளவுக்கு மேற்பட்ட பையை விடுவதில்லை, வைத்துவிட்டுப் போகவும் வசதி இருக்கும் என்று நம்ப முடியாது. விமானத்திலிருந்து நேரே பெட்டியோடு போய் நிற்பது நடக்காத காரியம். உள்ளே பணத்தாளும் செல்லாது, கார்டு மட்டும். உடைக்கு ஒரே விதி: அடுக்கடுக்காகப் போடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் குளிர் முதலில் பாதத்தில்தான் ஏறும். தடித்த காலுறை அவசியம்.

ஆட்ட நாள்: 4.30 மணி மேட்ச் என்றால்

2.15க்கு ஃபின்ஸ்பரி பார்க் நிலையத்தில் இறங்குங்கள். மைதானத்துக்கு மிக அருகில் இருப்பது பிக்கடிலி சுரங்க ரயில் தடத்தின் அர்செனல் நிலையம். ஒரு முறையாவது அதைப் பார்க்க வேண்டும், ஆனால் மேட்ச் முடிந்து திரும்பும்போது வேண்டாம். 1932 வரை அந்த நிலையத்தின் பெயர் கில்லெஸ்பி ரோடு. நடைமேடைச் சுவரின் ஓடுகளில் அந்தப் பழைய பெயர் பெரிய எழுத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கிருந்து தெருவுக்கு ஏறும் நீண்ட சரிவுப் பாதையின் ஒரு பக்கத்தில் ஆளகலத்துக்குத் தனியே வேலியிட்ட ஒரு சந்து தெரியும். மேட்ச் நாள் கூட்டத்தைப் பிரித்து விடுவதற்காகப் போட்டது அது.

2.45க்குள் ஏவனெல் ரோடு. 2006 வரை அர்செனல் ஆடிய ஹைபரி மைதானம் இங்கேதான் இருந்தது. இப்போது குடியிருப்பு. பழைய கிழக்கு ஸ்டாண்டின் (பார்வையாளர் அரங்கின்) முகப்பை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள், ஆடுகளம் இருந்த இடம் குடியிருப்பின் நடுவே தோட்டமாகிவிட்டது. ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அங்கிருந்து ரயில் தடத்தின் மேலுள்ள பாலத்தில் ஏறி இறங்கினால் எமிரேட்ஸ். சுற்றிலும் தியரி ஹென்றி, டோனி ஆடம்ஸ், டென்னிஸ் பெர்க்காம்ப், ஆர்சன் வெங்கர் சிலைகள்.

வாசல்கள் பொதுவாக ஒன்றரை மணி நேரம் முன்பு திறக்கும். பாஸில் வாசல், பிளாக், வரிசை, இருக்கை என்று நான்கு விவரம் இருக்கும். முதலில் வாசலைப் பாருங்கள். தவறான வாசலில் போன் பச்சை காட்டாது, மைதானத்தை முழுக்கச் சுற்ற வேண்டிவரும். 3.30க்குள் உள்ளே போய்விட்டால் கழிப்பறை, சாப்பாடு எல்லாம் வரிசையில்லாமல் முடியும். ஆட்டத்துக்கு ஏறக்குறைய 40 நிமிடம் முன்பு வீரர்கள் பயிற்சிக்கு வருவார்கள். டிவி காட்டாத பொழுது அது. கோல்கீப்பர் மட்டும் முதலில் வந்து, பயிற்சியாளர் அடிக்கும் பந்துகளை ஒரே தாளத்தில் பிடித்துக்கொண்டிருப்பார்.

தண்ணீர் பாட்டில் வாங்கினால் மூடியைக் கழற்றிவிட்டுக் கொடுப்பார்கள். மூடிய நிறைபாட்டில் எறிபொருளாகிவிடும் என்பதால். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிப்ஸ், காய்கறி அடைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டம் கிடைக்கும். 'போவ்ரில்' என்று ஆவி பறக்கும் ஒரு பானம் பல மைதானங்களில் விற்பார்கள். தேநீர் போலத் தெரியும், ஆனால் அது மாட்டிறைச்சிச் சாறு. தெரிந்து குடியுங்கள்.

பீர் வாங்குகிறவர்கள் அதை உள்கூடத்திலேயே குடித்து முடிக்க வேண்டும், ஆடுகளம் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. 1985இல் வந்த சட்டம் இது. ஆடுகளத்துக்குள் இறங்குவது 1991 சட்டப்படி குற்றம். செல்ஃபிக்காக இறங்கியவர்கள்கூட நீதிமன்றம் போயிருக்கிறார்கள்.

எல்லோருக்கும் இருக்கை என்ற ஏற்பாட்டின் பின்னால் பெரும் துயரம் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், நின்று பார்க்கும் பகுதியில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கையைத் தொடர்ந்து மேல் அடுக்கு லீக்குகளின் மைதானங்கள் முழுக்க இருக்கைகளாக மாறின. ஒவ்வொரு வரிசைக்கும் கம்பி வைத்து, பாதுகாப்பாக நின்று பார்க்கும் பகுதிகளுக்கு 2022இல்தான் மறுபடி அனுமதி வந்தது. படிக்கட்டில் நிற்காதீர்கள், வழியை மறிக்காதீர்கள் என்று பாதுகாவலர் சொன்னால் அதை அதிகாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முடிந்ததும் எல்லோரும் அர்செனல் நிலையத்துக்கு ஓடுவார்கள். அங்கே முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்க நேரும். ஹாலவே ரோடு நிலையத்திலும் கட்டுப்பாடு இருக்கும், அதை மறந்துவிடுங்கள். ஒன்று, ஹைபரி அண்ட் இஸ்லிங்டன் வரை 15, 20 நிமிடம் நடங்கள். அல்லது அரை மணி நேரம் இருக்கையிலேயே இருந்துவிட்டு மெதுவாகக் கிளம்புங்கள். சுற்றுத் தெருக்களில் வண்டி வராது, டாக்ஸிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது வீண்.

சாம்பியன் ஹில்

லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து ஈஸ்ட் டல்விச்சுக்குக் கால் மணி நேர ரயில். நிலையத்திலிருந்து டாக் கென்னல் ஹில் பக்கமாக ஐந்து நிமிடம் ஏறினால் சூப்பர்மார்க்கெட் ஒன்றின் பின்புறம் மைதானம். நுழையும் தெருவின் பெயர் எட்கர் கெய்ல் வே. டல்விச் ஹேம்லெட்டுக்காக 400 கோலுக்கு மேல் போட்டவர் கெய்ல். சம்பளம் வாங்காத அமெச்சூராகவே இருந்து 1929இல் இங்கிலாந்து அணிக்கும் ஆடினார்.

டிக்கெட் ஒரு பிரீமியர் லீக் இருக்கையின் சிறு பங்கு விலைதான். இணையத்தில் முன்கூட்டியே வாங்கலாம். வெயிலடிக்கும் சனிக்கிழமைகளில் சுமார் 3,000 பேர் கொள்ளும் மைதானம் நிரம்பிவிடுவதும் உண்டு, அதனால் வாங்கிவிட்டே போங்கள். 2 மணிக்கு உள்ளே இருந்தால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும்.

ஒரு பக்கம் இருக்கையுள்ள ஸ்டாண்ட். மற்ற பக்கங்களில் நிற்கலாம், நடக்கலாம். ஆடுகளத்துக்கும் உங்களுக்கும் நடுவே இடுப்பளவுக் கம்பி வேலி மட்டும். நடுக்கோட்டருகே, பயிற்சியாளர்கள் நிற்கும் பக்கம் போய் நில்லுங்கள். அவர்கள் பின்வரிசை வீரரிடம் "உள்ளே வா, உள்ளே வா" என்று கத்துவதும், பந்து தோலில் மோதும் ஓசையும், சறுக்கி விழுந்தவரின் முழங்கால் புல்லில் உரசுவதும் கேட்கும். வெளியே போன பந்தைக் கோட்டிலிருந்து உள்ளே எறிய வரும் வீரரின் முதுகு உங்களிடமிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கும். அங்கே நிற்கும் பத்து நிமிடம் கால்பந்தைப் பற்றிக் கற்றுக்கொடுப்பது அதிகம்.

இடைவேளையில் கூட்டம் இடம் மாறும். கோலுக்குப் பின்னால் பாடிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் அணி அடுத்து தாக்கப்போகும் கோலுக்குப் பின்னால் போய்விடுவார்கள். கொடி, முரசு, குழந்தை, நாய் எல்லாம் மைதானத்தைச் சுற்றி ஊர்வலமாக நகரும். ரசிகர்களைப் பிரித்து அடைக்காத மைதானத்தில்தான் இது முடியும். நீங்களும் கூடவே நடங்கள். 1985 மதுச் சட்டம் மேல் ஐந்து லீக் அடுக்குகளோடு நின்றுவிடுவதால் இங்கே பீர்க் கோப்பையோடு வேலியருகே நிற்கலாம், பிளாஸ்டிக் கோப்பையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இளஞ்சிவப்பும் கருநீலமும் இவர்கள் நிறம். ஸ்கார்ஃப் வாங்குவதானால் இங்கே வாங்குங்கள். 2018இல் நில உரிமையாளரோடு எழுந்த தகராறில் இந்தக் கிளப் தன் மைதானத்தைவிட்டே வெளியேற்றப்பட்டது. ரசிகர்களும் உள்ளூர் மக்களும் விடாமல் போராட, அதே டிசம்பரில் திரும்பி வந்தது. வாசல் காசும் பாரில் வரும் காசும் இவர்களுக்கு உயிர்மூச்சு. சாப்பாட்டை வெளியே முடித்துவிட்டு வராமல் உள்ளே சாப்பிடுங்கள்.

இங்கே நடக்கக்கூடிய கோளாறு ஒன்றுதான்: ஆட்டம் ரத்தாவது. பிரீமியர் லீக் மைதானங்களில் மண்ணுக்கடியில் சூடேற்றும் குழாய்கள் உண்டு, சின்னக் கிளப்பில் அது இல்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தரை உறைந்தாலோ கனமழையில் நீர் தேங்கினாலோ நடுவர் காலையில் வந்து காலால் அழுத்திப் பார்த்து, பந்தைத் தட்டிப் பார்த்து முடிவு சொல்வார். அதனால் சனிக்கிழமை காலை 10 மணிக்கும் கிளம்பும் முன்பும் கிளப்பின் சமூக ஊடகப் பக்கத்தைப் பாருங்கள். ரத்தான ஆட்டம் பெரும்பாலும் பின்னொரு செவ்வாய் இரவு 7.45க்குப் போகும்.

ரத்தானால், அல்லது இன்னொரு சனிக்கிழமை கிடைத்தால்

லெய்டன் ஓரியன்ட் கிளப் நல்ல நடுத்தரம். சென்ட்ரல் தடத்தில் லெய்டன் நிலையம், பத்து நிமிட நடை, கையில் பிடிக்கும் அளவு மைதானம். நான்கு மூலையிலும் அடுக்குமாடி வீடுகள், பால்கனியில் நின்று மேட்ச் பார்க்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். ஃபுல்ஹாமின் கிரேவன் காட்டேஜ் பழைமைக்காக: 1905இல் ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்த செங்கல் முகப்பு ஸ்டாண்டில் மர இருக்கைகள் இன்னும் இருக்கின்றன. புட்னி பிரிட்ஜ் நிலையத்திலிருந்து பிஷப்ஸ் பார்க் வழியாகத் தேம்ஸ் கரையோரம் நடந்து போங்கள், வேறு வழியில் போகாதீர்கள்.

ஈஸ்ட் ஹாமில் தங்குகிறவர்களுக்கு வெஸ்ட் ஹாம்தான் பக்கத்து அணி. 1904 முதல் 2016 வரை அவர்கள் ஆடிய போலின் மைதானம் ஒரே நிலையம் தள்ளி, அப்டன் பார்க்கில் இருந்தது. இப்போது அங்கே வீடுகள். புதிய இடமான லண்டன் ஸ்டேடியம் 2012 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டியது, டிக்கெட் ஒப்பீட்டளவில் எளிது. ஆனால் ஓட்டப்பாதை உள்ள அரங்கம் என்பதால் கோலுக்குப் பின்னாலுள்ள இருக்கைகள் ஆடுகளத்திலிருந்து வெகுதூரம். அங்கே பக்கவாட்டு இருக்கை கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். வெம்ப்ளியில் உறவினர் வீட்டுக்குக் காரில் போகிறவர்கள், அங்குள்ள வெம்ப்ளி ஸ்டேடியத்துக்கு 90,000 பேர் வரும் நாளில் சுற்றுத் தெருக்களில் அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டி நிறுத்த முடியாது என்பதை நினைவில் வைத்து, அன்று ரயிலில் போய்விடுங்கள்.